பஸ் பாட்டுக்கு நடுவே ஒரு விசில்

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் விசில் ஊதிக்கொண்டு திரிந்த காலம் அது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்டக்டர் விசிலேதான். நீளமாக ஒரு விசில் வந்தால் நான் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு நிற்க வேண்டும், அவருக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். இரண்டு விசில் வந்தால் சரி, போகலாம். பஸ்ஸில் டிரைவருக்குக் கொடுக்கிற அதே கணக்கு. ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கண்டக்டராக இருந்த மனிதர், கடைசியில் என்னை டிரைவராக்கிவிட்டார்.

குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு விசில். துண்டைக் காணவில்லை என்றால் ஒரு விசில். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே ஒரு விசில். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, "ஏம்மா, உங்க வீட்டுக்குள்ள பஸ் ஸ்டாண்டா வச்சிருக்கீங்க?" என்று கேட்டே விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அந்த விசிலைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். சாயங்காலம் அவர் அரிசிக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்து, சட்டையில் துடைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு ஊது ஊதினார். அதற்கு மேல் அந்த மனிதரை என்ன செய்ய?

அவருக்குக் குரல்வளையில் சதை வளர்ந்திருந்தது. வருஷக்கணக்காகப் பஸ் ஸ்டாண்டில் கத்திக் கத்தி வந்தது என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனை செய்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாளைக்கு வாயையே திறக்கக் கூடாது, குசுகுசுவென்று பேசுவதும் கூடாது என்றார் டாக்டர். சரி என்று இருந்தோம். மறுபடி போனபோது உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. இனிமே மெதுவாப் பேச ஆரம்பிங்க. கத்துறதுதான் கூடாது. குரல் பழையபடியே இருக்கும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க, கொஞ்சம் மாறத்தான் செய்யும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் ஊமையாகிவிட்டார். பேசலாம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகியும் பேசவில்லை.

அவருடைய பழைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டது எங்கள் தெருக் கடைசி வரைக்கும் கேட்டது. மாப்பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டுமாம் என்று எதிர்வீட்டிலிருந்து செம்பு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால், வேறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன்கூட இறங்கி வருவான். சத்தம் மட்டுமில்லை, அதில் ஒரு ராகம் இருக்கும். எனக்கு அந்தக் குரல் மேல் கொள்ளை ஆசை. அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

ஒருநாள் காலையில் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு அவர் பேசிப் பார்த்தது எனக்குக் கேட்டது. என்ன வார்த்தை என்று தெரியவில்லை. துருப்பிடித்த இரும்பு கேட்டை இழுத்த மாதிரி ஒரு சத்தம். இன்னொரு தடவை வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் காதில் விழாதது போல தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மத்தியானம்தான் காக்கிச் சட்டைப் பையிலிருந்து விசில் வெளியே வந்தது.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தினமும் போன் போடுவாள். "அப்பாட்ட குடும்மா" என்பாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் பேசுவதையெல்லாம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்பார். தலையாட்டினால் போனில் தெரியுமா? "அப்பா, ஒரு வார்த்த பேசுங்கப்பா, எப்படி இருந்தாலும் பரவால்ல" என்று அவள் கெஞ்சுவாள். இவர் போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். பஸ் முதலாளி நல்ல மனிதர், இடத்தை வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லி அனுப்பினார். ஆனால் வாயைத் திறக்காமல் கண்டக்டர் வேலை பார்க்க முடியுமா? இந்த மனிதர் இனிமேல் பேசவே மாட்டாரோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. கோபமாகக் கத்துவேன், அழுவேன், கும்பிடுவேன். எல்லாவற்றுக்கும் பதில் இரண்டு விசில்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கச்சேரி வந்தது.

ஆர்மோனியமும் டோலக்குமாக இரண்டு பேர். பாட்டும் கேலியும் கலந்து செய்வார்கள். ஆர்மோனியக்காரர் குண்டாக இருப்பார், பாடுவார். டோலக்குக்காரர் ஒல்லி, ஒவ்வொரு அடிக்கும் ஏதாவது குறுக்கே சொல்லி அவரை வாருவார். பந்தியில் இடம் பிடிக்கிறது, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோகிறது, மாமியார் போனில் பேசுகிறது என்று நம் வீட்டில் நடக்கிறதையெல்லாம் பாட்டாக்கிவிடுவார்கள். வருஷக்கணக்காக போனில் அவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் சாப்பிடுவோம். அவர்களுடைய பஸ் பாட்டு என் வீட்டுக்காரருக்கு உயிர். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டில் அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களைச் சேர்த்துப் பாடுவது அவர்கள் வழக்கம். இவர் அதில் எங்கள் ரூட்டுப் பெயர்களைப் போட்டுத் தானே பாடுவார், நான் முறுக்கு டின்னில் தாளம் போட்டு வாருவேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிட ஆரம்பித்தார்.

நான் வேலை பார்க்கிற நைட்டிக் கம்பெனியில் பக்கத்து மிஷினில் ஒரு அக்கா. அவர்தான் டிக்கெட் கொடுத்தார். "எங்க சபையில அன்னைக்கு ஒரு ஞானஸ்நானம், போகாம இருக்க முடியாது. நீ ஒங்க வீட்டுக்காரவியளக் கூட்டிட்டுப் போ. வில்லிபுத்தூருதான, என்ன பெரிய தூரம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். அவர்களை நேரில் பார்ப்பது என்பது நாங்கள் நினைத்தும் பார்க்காத காரியம்.

வீட்டில் டிக்கெட்டை நீட்டினேன். பார்த்தார். முகம் ஒரு நொடி மலர்ந்தது, நான் பார்த்தேன். உடனே தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"ஏன் வர மாட்டிய?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"அங்க பாடப் போறது அவிய. நீங்க கேக்கத்தான போறிய? காதுலயா ஆபரேசன் பண்ணுனாவ?"

யாராவது தெரிந்தவர்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள் என்று கையால் காட்டினார்.

"நான் பேசிக்கிடுதேன். ரெண்டு மாசமா ஒங்களுக்கும் சேத்து நான்தான பேசிட்டிருக்கேன்? கடைக்காரன்ட்ட நான், முதலாளிட்ட நான், சொந்தக்காரவுகட்ட நான். என் தொண்டையிலயும் சதை வளந்துரும்போல. இந்த ஞாயித்துக்கிழம நான் சிரிக்கணும். நீங்க வரலைன்னா தனியாப் போவேன்."

இரண்டு விசில் வந்தது. சரி என்றா, போய்க்கொள் என்றா என்று தெரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வண்டியை வெளியே எடுத்து வைத்தார்.

பஸ்ஸில் போகலாம் என்றால் கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லாரும் அவரைத் தெரிந்தவர்கள். அதனால் மோட்டார் சைக்கிள். ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவருடைய பஸ்தான். அவர் இடத்தில் தற்காலிகமாக நிற்கிற கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே! எப்பண்ணே வாரிய?" என்று கத்தினான். இவர் கையை மட்டும் தூக்கினார். பஸ் போன பிறகும் அந்தக் கையை ஹேண்டில்பாரில் வைக்க அவருக்குச் செத்த நேரம் ஆனது. முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பெருமூச்சு விட்டது தெரிந்தது. அழைத்து வந்தது தப்போ என்று நினைத்தேன்.

மண்டபத்தில் காலையில் ஒரு கல்யாணம் நடந்திருக்கும் போல. சாம்பார் வாசம் போகவில்லை. மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயரை ஒட்டின தெர்மாகோல் எழுத்துகளைப் பாதி பிய்த்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருந்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு நடுவில் இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் சேத்தூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், உட்கார்ந்தால் நாற்காலியே தெரியாத உடம்பு, பேச்சுக்கு ஆள் தேடுகிற முகம்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"ராஜபாளையம்" என்றேன் நான்.

"என்ன பண்ணுதாவ?"

"பஸ்ல இருக்காவ" என்றேன்.

"மாடு கண்ணு எதும் உண்டா?"

"இல்லைங்க."

அவர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவிய பேச மாட்டாகளா? எல்லாத்துக்கும் நீதான் சொல்லணுமா?" என்று சிரித்தார். வெளுத்து வாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் மேடைக்கு வந்தார்கள். கை தட்டிய தட்டில் கூரை போயிருக்க வேண்டும். போனில் பார்த்ததைவிட ஆர்மோனியக்காரர் குள்ளம், டோலக்குக்காரருக்குத் தலையில் முடி குறைவு. எனக்கு அது ஏனோ ரொம்பப் பிடித்தது. நம்மைப் போலத்தான் இருக்கிறார்கள். பின்னால் ஒட்டியிருந்த எழுத்துகளை ஒல்லிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நமக்கா கல்யாணம்? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். "பந்தி முடிஞ்சுபோச்சுடா, மொய் எழுதுற ஆள்கூட கெளம்பிட்டாரு" என்றார் குண்டுக்காரர். அதோடு எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. எத்தனை நாள் சிரிப்பு அது! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கில் தண்ணீர் வரச் சிரித்தேன். நடுவில் ஓரக்கண்ணால் இவரைப் பார்த்தேன். தோள் குலுங்கியது, கண்ணோரம் சுருங்கியிருந்தது, சத்தம்தான் இல்லை. சிரிப்பதற்குக்கூடத் தொண்டையைத் திறக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்போடு அழுகையும் முட்டியது.

கேஸ் சிலிண்டர் பாட்டு முடிந்தது. மாமியார் போன் பாட்டு முடிந்தது. அதற்குள் என் பயம் பாதி போய்விட்டது. நேரில் பார்த்தால் நன்றாக இருக்காதோ என்ற பயம் அது. மற்றப் பயம் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

பிறகு பஸ் பாட்டு. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதுரையிலிருந்து தெற்கே போகிற பஸ் என்று ஆரம்பித்தார்கள்.

"திருமங்கலம் தாண்டியாச்சு, தூங்கினவங்க எந்திரிங்க. கல்லுப்பட்டி வந்தாச்சு, கால நீட்டினவங்க மடக்குங்க" என்று ஆர்மோனியத்தோடு பாட்டுப் போனது. எங்கள் ஊர்ப் பெயர்கள் அந்த வாயிலிருந்து வருவதைக் கேட்கக் கேட்கக் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கிருஷ்ணன்கோவில் வருதுங்க, காலேஜ் பசங்க ஏறுவாங்க" என்றதும் பின்வரிசையில் பிள்ளைகள் எழுந்து கூச்சல் போட்டார்கள். அடுத்து, "ராஜபாளையம் வருதுங்க, நாயப் பாத்து எறங்குங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வருதுங்க, பால்கோவா வாங்குங்க" என்று பாடினார்.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராஜபாளையத்துக்குப் போய்விட்டு அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிற பஸ் இந்த உலகத்தில் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்தான் முதலில் வரும். அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உட்கார்ந்துகொண்டு பாடுகிறார்கள்! கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "மாத்திட்டாங்கய்யா" என்று யாரோ சொன்னார்கள். பாட்டுச் சத்தத்தில் மேடைக்குக் கேட்கவில்லை. அவர்கள் அதே அடியை இரண்டாம் தடவை பாடினார்கள், அதே தப்போடு. சிலர் கையை ஆட்டினார்கள். கைதட்டுகிறார்கள் என்று நினைத்து ஒல்லிக்காரர் இன்னும் வேகமாக டோலக்கை அடித்தார்.

என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். உதடு அசைந்தது. தினமும் வாயால் ஓட்டின ரூட்டு, அதை ஒருவன் குளறுபடி செய்கிறான், அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் தடவை "ராஜபாளையம் வருதுங்க" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார், ஒரே ஊது.

டோலக் நின்றது. ஆர்மோனியம் நின்றது. மண்டபமே நின்றது.

"யாருப்பா அது, பஸ்ஸ நிப்பாட்டினது?" என்றார் ஆர்மோனியக்காரர் மைக்கில்.

"ஸ்டாப்பே இல்லாத எடத்துல நிப்பாட்டிட்டாங்கண்ணே. யாருக்கோ அவசரம்போல" என்றார் ஒல்லிக்காரர். ஒரே சிரிப்பு. சேத்தூர்க்காரர் எழுந்து நின்று, "இந்தா, இந்த அண்ணாச்சிதான்!" என்று இவரைக் காட்டிக் கொடுத்தார். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"எந்திரிங்கண்ணே. என்ன விஷயம், சொல்லுங்க" என்றார் ஆர்மோனியக்காரர்.

இவர் எழுந்து நின்றார். இத்தனை பேர் பார்க்கிறார்கள், வாயைத் திறக்க மாட்டார், அவமானப்பட்டு வெளியே போவார், அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் பேச மாட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், எதற்காக இழுத்துக்கொண்டு வந்தேன் என்று மனசுக்குள் ஓடியது. நானே பதில் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். இவர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமினார். "தம்பி" என்றார். அந்தத் துருப்பிடித்த இரும்பு கேட் சத்தம்தான்.

"தம்பி, கல்லுப்பட்டி" என்றார் மறுபடி. அதன் பிறகு அவராக நிறுத்த முடியவில்லை. "கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில், வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், வில்லிபுத்தூர்! அதுக்குப் பொறவுதான் ராஜபாளையம், சேத்தூர்! நீங்க போற வழியில போனா வில்லிபுத்தூர் ஆளுக ராஜபாளையத்துல எறங்கி நடந்துல்லா வரணும்!"

சத்தம் சொரசொரவென்று இருந்தது, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் அந்த ராகம் அப்படியே இருந்தது. வில்லிபுத்தூரை மூன்று தடவை சொல்லி மூன்றாவதை இழுக்கிற இழுப்பு, அது அவரைத் தவிர யாருக்கும் வராது. மண்டபம் அதிர்ந்தது. விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஐயோ, கத்தாதிய! டாக்டரு கத்தக் கூடாதுன்னாருல்லா!" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். பேசு பேசு என்று இரண்டு மாதம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினவள் நான்தான்.

ஆர்மோனியக்காரர் எழுந்து மேடை விளிம்புக்கு வந்து பெரிய கும்பிடாகப் போட்டார். "மன்னிச்சிருங்கண்ணே. மதுரையில கார்ல ஏறினதும் தூங்கிட்டோம். எது முன்னாடி எது பின்னாடின்னு கேட்டு எழுதினதுல இவன் மாத்தி எழுதிட்டான்" என்று டோலக்குக்காரரைக் காட்டினார். ஒல்லிக்காரர் விடுவாரா? "ரூட்டு நீங்க சொன்னதுதான் கரெக்டுண்ணே. ஆனா கொரலு என்னண்ணே, கியர் மாத்தும்போது கடமுடான்னு வருது? சர்வீஸுக்கு விடலையா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எதற்குப் பயந்து இந்த மனிதர் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையோ, அதுவே நடந்துவிட்டது, அதுவும் ஊர் கூடின இடத்தில், எங்களுக்குப் பிடித்த அந்த இரண்டு பேர் வாயாலேயே. ஒல்லிக்காரனை என்னவென்று திட்டலாம் என்று வார்த்தை தேடினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

இவர் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆபரேசன் ஆகியிருக்கு தம்பி. எஞ்சினு புதுசு. இன்னைக்குத்தான் மொத டிரிப்பு" என்றார்.

ஒல்லிக்காரர் டோலக்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "அண்ணே, தெரியாமக் கேட்டுட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று எழுந்தார். இவர் உட்கார் உட்கார் என்று கையைக் காட்டி, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. பஸ்ஸ எடுங்க, நேரமாச்சு" என்று சொல்லி இரண்டு விசில் கொடுத்தார். அதற்கு எழுந்த கைதட்டல் அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கிடைத்த எதைவிடவும் பெரியது. பாட்டு மறுபடி திருமங்கலத்திலிருந்து புறப்பட்டது. ஒவ்வொரு ஊருக்கும் ஆர்மோனியக்காரர் இவரைப் பார்ப்பார். இவர் தலையாட்டினால்தான் அடுத்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.

எனக்குத்தான் அதற்கப்புறம் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. முந்தானைக்குள் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தேன். சேத்தூர்க்காரர் குனிந்து, "ஏம்மா, இம்புட்டுச் சிரிச்சா மூச்சு அடைச்சிரும்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நல்ல மனிதர், நான்தான் அவரைத் தப்பாக நினைத்தேன். பாட்டிலை வாங்கிக் குடித்தேன். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போன மாதிரி இருந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இவர் இப்போது சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார், கரகரவென்று.

வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் கூட்டம் கலையட்டும் என்று நின்றோம். இரண்டு மூன்று பேர் வந்து, "எஞ்சின் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப மாறிருச்சோ?" என்று கேட்டார். என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாறித்தான் இருக்கு. பழசு வராது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்தார்.

"ரெண்டு மாசமா எனக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல. விசிலுதான் இருந்துச்சு. எனக்கு இது போதும்" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. மகள். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். நான் பையிலிருந்து எடுத்தேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். பச்சையை அழுத்திக் காதில் வைத்து, "ஹலோ" என்றார்.

அந்தப் பக்கம் அவள் பேசியது எனக்கும் கேட்டது. "ஹலோ? யாருங்க பேசுறது? இது எங்கம்மா போனாச்சே, உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவர் முகம் செத்துப்போனது. நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என்னை விட்டு இரண்டடி தள்ளிப் போய், வண்டி சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தாம்மா. ஒங்கப்பன்" என்றார். "கொரலு இப்புடி ஆயிப்போச்சு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. இவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். நான் பக்கத்தில் போய் ஒட்டி நின்றேன்.

"கேக்குதா? நான்தாம்மா" என்றார் மறுபடி.

அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "கேக்குதுப்பா, கேக்குது. வச்சிராதீங்க. பேசுங்க" என்றாள்.